அம்மா கொடுத்த எழுத்து

2011 ஜூன் மாத இறுதியில், மீன்பிடித் தடைக்காலத்துக்காக மங்களூரிலிருந்து ஊர் திரும்பிய என் அண்ணனுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிரும் காய்ச்சலும் வந்தன. குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரக் கடற்கரையில் இது புதிய செய்தி அல்ல. எங்கள் பக்கத்து ஆண்கள் கொச்சி, மங்களூர், குஜராத் என்று மேற்குக் கரை முழுவதும் ஆழ்கடல் தொழிலுக்குப் போய், துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் விசைப்படகிலேயே வாரக்கணக்கில் உறங்கி எழுகிறவர்கள். அவர்களில் சிலர் திரும்பும்போது மலேரியாவையும் சுமந்து வருவார்கள். அண்ணனின் இரத்தப் பூச்சில் வைவாக்ஸ் வகை ஒட்டுண்ணி தெரிந்தது. மூன்று நாளுக்குக் குளோரோகுயின், பதினான்கு நாளுக்குப் பிரிமாகுயின் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். காய்ச்சல் இரண்டாம் நாளே தணிந்தது. நான்காம் நாள் காலையில் மைனி, அதாவது அண்ணனின் மனைவி, தொலைபேசியில் அழைத்தார். “மக்கா, அண்ணனுக்கு மூத்திரம் கட்டன்சாயா போலப் போவுது. கண்ணெல்லாம் மஞ்சளா கெடக்கு. நீ உடனே வா.”

நான் போய்ச் சேர்வதற்குள் மஞ்சள்காமாலை என்று முடிவு செய்து, யாரோ கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருந்தார்கள். அண்ணன் நாலு அடி நடக்கவே மூச்சு வாங்கினான். மாவட்டத்தின் ஒரு மருத்துவமனையில் சேர்த்து, பிரிமாகுயினை நிறுத்தி, இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றிய பிறகுதான் அவன் முகத்தில் நிறம் திரும்பியது. அந்த மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் ஓர் எளிய இரத்தப் பரிசோதனை செய்திருக்க வேண்டும், அது செய்யப்படவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இரத்தம் உடைந்த உடனே அந்தச் சோதனையைச் செய்தால் முடிவு தவறாக வரக்கூடும். பழைய சிவப்பணுக்கள் அழிந்து, நொதி நிறைந்த இளம் அணுக்களே அப்போது மிஞ்சியிருக்கும் என்பதே காரணம். எனவே மூன்று மாதம் காத்திருந்து சோதித்தார்கள். முடிவுத் தாளில் ‘ஜி6பிடி குறைபாடு’ என்று இருந்தது. சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி அவனிடம் வலுவற்றது என்று பொருள்.

அப்போது அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. நான் குலசேகரம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டில் அந்தத் தாளை வாசித்து விளக்க வேண்டிய கடமை என்னுடையதாயிற்று. இந்த நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, ஆணுக்கு எக்ஸ் தாயிடமிருந்துதான் வருகிறது என்று பாடம் நடத்துகிற அதே பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ எம்பிள்ளைக்கக் குறை நான் குடுத்ததா மக்கா?” என்று கேட்டார். நான் சொன்ன ஆறுதல் எதுவும் அந்தக் கேள்விக்குப் பதிலாக அமையவில்லை. அவர் போய்ச் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்த நொதியின் வேலையைச் சொல்ல வேண்டும். நம் சிவப்பணுக்கள் ஆக்சிஜனைச் சுமந்து திரிபவை. அதனாலேயே ஆக்சிஜனேற்றத்தின் தாக்குதலுக்கு எப்போதும் ஆளாகிறவை. உடலின் மற்ற அணுக்களுக்கு இத்தாக்குதலைச் சமாளிக்கப் பல வழிகள் உண்டு. உட்கருவும் மைட்டோகாண்டிரியாவும் இல்லாத சிவப்பணுவுக்கோ ஜி6பிடி என்ற நொதி தொடங்கிவைக்கும் ஒரே வேதிப்பாதைதான் காப்பு. அந்த நொதி வலுவற்றதாக இருந்தாலும் அன்றாட வாழ்க்கையில் ஒரு குறையும் தெரியாது. என் அண்ணன் நாற்பத்தாறு வயது வரை புயலிலும் வெயிலிலும் வலை இழுத்தவன். அவன் உடம்பில் ஒரு குறை இருக்கிறதென்று யாரும் சொல்லியிருக்க முடியாது. பிரிமாகுயின் போன்ற ஒரு மருந்து உள்ளே சென்று ஆக்சிஜனேற்றச் சுமையை ஏற்றும்போதுதான் ஹீமோகுளோபின் சிதைந்து கட்டிகட்டியாகப் படிந்து, அணுக்கள் உடைந்து, சிவப்பு நிறம் சிறுநீரில் கலந்து கறுத்து வெளியேறுகிறது.

இந்த நொதிக்கான மரபணுவில் இருநூறுக்கு மேற்பட்ட மாற்றங்கள் இதுவரை பதிவாகியிருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒரே ஓர் எழுத்து மாறியவை. இந்தியாவில் அதிகம் காணப்படும் மூன்றுக்கு மத்தியதரைக்கடல் வகை, ஒரிசா வகை, கேரளா-கல்யாண் வகை என்று பெயர். அண்ணனுடையது எந்த வகை என்று யாரும் படித்துப் பார்க்கவில்லை. உலகில் ஏறத்தாழ 40 கோடிப் பேருக்கு இந்த நொதி வலுவற்றதாக இருக்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அம்மாவிடம் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது இந்த எண்ணைத்தான். 40 கோடிப் பேரிடம் இருக்கும் ஒன்றை விபத்து என்று சொல்லிவிட முடியாது.

எழுத்து என்று நான் சொல்வது டிஎன்ஏவின் நான்கு வேதி எழுத்துகளை. ஒரு பெற்றோரிடமிருந்து வரும் தொகுப்பில் சுமார் 310 கோடி எழுத்துகள் உண்டு. உறவில்லாத இருவரின் தொகுப்புகளை அருகருகே வைத்துப் படித்தால் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஓர் எழுத்து மாறியிருக்கும். அப்படி மாறிய ஒரு வடிவம் ஒரு மக்கள்கூட்டத்தில் நூற்றுக்கு ஒன்றுக்குக் குறையாமல் பரவியிருந்தால் அதை மரபியலார் பல்லுருத்தன்மை என்பார்கள். அதைவிட அரிதானதைப் பிறழ்வு என்று சொல்வது வழக்கம். இந்த ஒரு விழுக்காடு என்ற கோடு மனிதர் வசதிக்காகப் போட்டது. அந்தக் கோட்டின் இரு புறமும் நடப்பது ஒரே வகை மாற்றம்தான்.

வகுப்பில் இதை விளக்கத் தமிழே எனக்குப் போதுமானதாக இருந்தது. ‘கோயில்’ என்று எழுதினாலும் ‘கோவில்’ என்று எழுதினாலும் நாம் போகிற இடம் ஒன்றுதான். ஓர் எழுத்து மாறியும் பொருள் மாறாமல் இரண்டு வடிவமும் ஊரில் வழங்குகின்றன, ஒன்று மற்றொன்றைத் துரத்துவதும் இல்லை. ‘அரம்’ என்பதில் ஓர் எழுத்து மாறி ‘அறம்’ ஆனாலோ இரும்பைத் தேய்க்கிற கருவி வேறொன்றாகிவிடுகிறது. நம் மரபணுத்தொகுதியில் நிகழும் மாற்றங்களில் மிகப் பெரும் பகுதி கோயில்-கோவில் வகையைச் சேர்ந்தது. அவை நன்மையாலும் தீமையாலும் அல்லாமல், தலைமுறைக்குத் தலைமுறை நடக்கும் குலுக்கலாலேயே பெருகவோ மறையவோ செய்கின்றன என்று ஜப்பானியரான மோட்டூ கிமுரா 1968இல் முன்வைத்த நடுநிலைக் கொள்கை இன்று மரபியலின் அடித்தளங்களில் ஒன்று. ஆனால் ஜி6பிடியின் மாற்றம் பொருளை மாற்றுகிற வகை. பொருள் மாறி, நொதியும் வலுவிழந்த பிறகு அது 40 கோடிப் பேரிடம் எப்படிப் பரவியது என்பதே கேள்வி.

இந்த மாற்றம் கண்டறியப்பட்ட வரலாறு வேதனையானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஸ்டேட்வில் சிறையில் கைதிகளுக்கு மலேரியாவைப் புகுத்தி மருந்துகளைச் சோதித்தார்கள். பிரிமாகுயின் சிலரின் சிவப்பணுக்களை உடைக்கிறது என்பதையும், அது மருந்தின் அளவால் வந்த கேடு அல்ல, அந்த மனிதர்களின் அணுக்களிலேயே ஏதோ வேறுபாடு இருக்கிறது என்பதையும் அங்கே கண்டார்கள். அந்த வேறுபாடு ஜி6பிடி நொதிதான் என்று 1956இல் கார்சன் குழுவினர் வெளியிட்டார்கள். மறுக்கும் சுதந்திரம் முழுமையாக இல்லாத மனிதர்களின் உடம்பிலிருந்து பெற்ற அறிவு அது. அதைக் கொண்டு என் அண்ணன் பிழைத்தான் என்பதை நான் நன்றியோடும் மனச்சங்கடத்தோடும் நினைத்துக்கொள்கிறேன்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1949இல், பிரிட்டிஷ் மரபியலரான ஜே.பி.எஸ். ஹால்டேன் ஓர் ஊகத்தைச் சொல்லியிருந்தார். மத்தியதரைக்கடல் ஓரத்து மக்களிடம் தலசீமியா என்ற இரத்தநோய்க்கான மரபணு ஏன் இத்தனை அதிகம் என்று கேட்டு, தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அதன் ஒரு படியைப் பெற்றுச் சுமப்பவரை மலேரியா எளிதில் கொல்லாமல் இருக்கலாம் என்று அவர் கருதினார். இந்த ஹால்டேன்தான் பிறகு 1957இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர். அவருடைய ஊகத்துக்கு வலுவான சான்று, சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும் அரிவாள் அணு நோயில் கிடைத்தது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்து அமர்கிறது. மரபணுவில் பார்த்தால் ஏ என்ற ஓர் எழுத்து டி ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு படியும் அப்படி இருந்தால் கொடிய நோய். ஒரு படி மட்டும் இருந்தால் நோயும் இல்லை, ஃபால்சிபாரம் என்ற உயிர்க்கொல்லி வகை மலேரியாவின் கொடுமையும் பெருமளவு குறைகிறது. 1954இல் அந்தோணி அல்லிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் இதைக் காட்டினார். 1952இலேயே நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் அணு இருப்பது கண்டறியப்பட்டுவிட்டது.

ஜி6பிடியிலும் கதை அதே திசையில் போகிறது. சார்தீனியத் தீவில் மலேரியா தங்கியிருந்த தாழ்நிலக் கிராமங்களில் இந்த மாற்றம் மிகுதியாகவும், கொசு ஏறாத மலைக் கிராமங்களில் குறைவாகவும் இருப்பதை 1961இல் வெளியான ஆய்வு காட்டியது. வலுவற்ற நொதியுள்ள சிவப்பணுவுக்குள் ஒட்டுண்ணி நுழைந்தால், அதன் சுமையையும் சேர்த்துத் தாங்க முடியாமல் அந்த அணு சீக்கிரமே சேதமடைகிறது. உடலின் காவலணுக்கள் அதை ஒட்டுண்ணி முதிர்வதற்கு முன்பே விழுங்கிவிடுகின்றன. பாதுகாப்பின் அளவு எவ்வளவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் அது ஒன்றா என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் தொடர்கிறது. ஆனாலும் உலக வரைபடத்தில் பழைய மலேரியா நிலங்களும் ஜி6பிடி மாற்றத்தின் நிலங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிவதை யாரும் மறுப்பதில்லை.

பெண்களின் நிலை இதில் தனியானது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருந்தாலும் ஒவ்வோர் அணுவிலும் ஒன்று அடங்கி ஒன்றுதான் வேலை செய்கிறது என்று மேரி லயன் 1961இல் முன்வைத்தார். ஆகவே என் அம்மாவின் உடம்பில் சிவப்பணுக்கள் இரு வகையாகக் கலந்து ஓடியிருக்கும்: ஒரு பங்கு வலுவான நொதியோடு, மறு பங்கு வலுவற்றதோடு. தேவையான வேலைக்கு முதல் பங்கு போதும். ஒட்டுண்ணிக்குத் தடையாக இரண்டாம் பங்கு இருந்திருக்கலாம். எங்கள் ஊர்ப் பழையவர்கள் மலேரியாவை முறைக்காய்ச்சல் என்பார்கள். அந்தக் காய்ச்சலுக்கு மாத்திரை என்ற ஒன்றே இல்லாத நூற்றாண்டுகளில், அம்மாவின் அம்மாவும் அவருக்கு முந்தைய பெண்களும் பிழைத்துக் கிடந்ததில் இந்த எழுத்துக்கும் ஒரு பங்கு இருந்திருக்கக்கூடும். அதே எழுத்துதான் 2011இல் ஒரு மாத்திரையை என் அண்ணனுக்கு நஞ்சாக்கியது. எழுத்து மாறவில்லை, அது வாழ்கிற உலகம் மாறிவிட்டது.

ஓ வகை இரத்தம் இதற்கு இன்னொரு சான்று. 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளைப் பிரித்துக் காட்டினார். ஏ, பி வகைகளுக்கான மரபணு ஒரு சர்க்கரைத் துணுக்கை அணுவின் மேல் ஒட்டும் நொதியைச் செய்கிறது. மிகப் பரவலான ஓ வகையில் அந்த மரபணுவின் ஒரே ஓர் எழுத்து விடுபட்டு, நொதி வேலை செய்யாமல் போய்விட்டது. பொறியாளர் பார்வையில் அது உடைந்த மரபணு. ஆனால் ஓ வகைக்காரரைக் குறைபாடுள்ளவர் என்று யாராவது சொல்கிறோமா? அவர்களுக்குத் தீவிர ஃபால்சிபாரம் மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு உண்டு. காலரா வந்தாலோ மற்றவர்களைவிடக் கடுமையாகத் தாக்குகிறது. எந்த நோய் உலவுகிற ஊரில் பிறந்தீர்கள் என்பதைப் பொறுத்து அதே விடுபட்ட எழுத்து காப்பாகவும் கேடாகவும் ஆகிறது.

புதிய எழுத்துகள் எங்கிருந்து வருகின்றன என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் எங்கள் கடற்கரையே எனக்கு உதாரணமாக வரும். 1909இல் ஜெர்மானியரான ஷோம்பெர்க் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டு, அதைத் தேடி மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். மோனசைட்டில் கதிர்வீச்சை உமிழும் தோரியம் இருக்கிறது. ஆகையால் கொல்லம் பக்கத்துச் சவறா தொடங்கி எங்கள் மாவட்டத்து மணவாளக்குறிச்சி வரை இடையிடையே கறுத்த மணல் உள்ள கரைகளில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம். கதிர்வீச்சு எழுத்துகளை மாற்றும் என்பது பாடநூலில் உள்ளது. 2002இல் ஃபார்ஸ்டர் குழுவினர், கேரளத்தின் அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்களின் மைட்டோகாண்டிரிய டிஎன்ஏவைத் தாயிடமும் பிள்ளைகளிடமும் ஒப்பிட்டு, கதிர்வீச்சு மிகுந்த பகுதிக் குடும்பங்களில் புதிய எழுத்து மாற்றங்கள் தெளிவாக அதிகம் என்று காட்டினார்கள். அந்த மாற்றங்கள் நிகழ்ந்த இடங்கள், மனித வரலாறு நெடுகிலும் இயல்பாகவே மாற்றம் அதிகம் நிகழ்ந்துவந்த அதே இடங்கள் என்பது அவர்கள் கண்ட மற்றொரு செய்தி. மறுபுறம், அதே கரையிலுள்ள கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து, 2009இல் வெளியிட்ட ஆய்வில் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

இரண்டு முடிவுகளும் முரண்படுகின்றன என்று எங்கள் ஊரில் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு தரப்பு முதல் ஆய்வை மட்டும் கையில் எடுத்துக்கொள்கிறது, மறு தரப்பு இரண்டாவதை மட்டும். எழுத்து மாறுவது வேறு, நோய் வருவது வேறு என்பதை ஏற்றுக்கொண்டால் முரண்பாடு இல்லை. கதிர்வீச்சே இல்லாத ஊரிலும் பிறக்கிற ஒவ்வொரு குழந்தையும் தாய் தந்தை இருவரிடமும் இல்லாத அறுபது எழுபது புதிய எழுத்துகளோடு பிறக்கிறது. அவற்றில் ஏறக்குறைய எல்லாமே எந்த விளைவும் இன்றி அடுத்த தலைமுறைக்குப் போகும். எங்கள் கடற்கரையில் புற்றுநோய் வந்த வீடுகளின் துயரத்தை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. அந்தத் துயரத்துக்கு முழுமையான மருத்துவக் கணக்கெடுப்பு வேண்டும் என்றே கேட்கிறேன்.

மாற்றமே இல்லாத உலகம் எப்படி இருக்கும் என்பதற்கும் நான் தொலைவில் தேட வேண்டியதில்லை. நான் பணியாற்றிய பள்ளியின் மாணவர் பலர் ரப்பர் பால் வெட்டுகிறவர்களின் பிள்ளைகள். ஆசியாவின் ரப்பர்த் தோட்டங்கள் பெருமளவும் 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலின் தபாஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து கொண்டுபோன 70,000 விதைகளின் வழியில் வந்தவை. அவற்றிலும் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் முளைத்தவை நூற்றுக்கு நான்குதான். அந்தச் சிறு கூட்டத்திலிருந்து பால் மிகுந்த மரங்களைத் தேர்ந்தெடுத்து ஒட்டுக்கட்டிப் பெருக்கினோம். 1980இல் கோட்டயத்து ரப்பர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஆர்ஆர்ஐஐ 105 அந்தத் தேர்வின் உச்சம். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை வரை சாலையின் இரு புறமும் நிற்கிற அந்த ரக மரங்கள் எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒரே மரம். பால் நன்றாகச் சுரக்கும். ஆனால் இளஞ்சிவப்புப் பூசணமோ, வெட்டினாலும் பால் வராமல் பட்டை வறண்டுபோகும் கோளாறோ வந்தால், ஒரு மரத்தின் பலவீனம் தோட்டம் முழுவதின் பலவீனமும் ஆகிறது.

தென்னமெரிக்காவில் ரப்பர் இலைகளைக் கருக்கும் ஒரு பூசண நோய் உண்டு. அமேசான் காட்டில் ரப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று தொலைவாகவும் வெவ்வேறு மரபோடும் நிற்பதால் அது அங்கே பேரழிவாவதில்லை. அமெரிக்கக் கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு 1928இல் அதே தபாஜோஸ் கரையில் மரங்களை நெருக்கி நட்டுத் தோட்டம் போட்டபோது அந்நோயே அதை வீழ்த்தியது. 1945இல் அவருடைய நிறுவனம் நிலத்தைப் பிரேசில் அரசிடமே ஒப்படைத்துவிட்டு வெளியேறியது. அந்தப் பூசணம் இன்னும் ஆசியாவில் காலூன்றவில்லை. வந்தால் என்ன ஆகும் என்று பதினோராம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். அவளுடைய அப்பா விடிவதற்கு முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு முந்நூறு மரம் வெட்டுகிறவர். தாங்கும் மரம் ஏதேனும் ஒன்று கூட்டத்தில் இருக்க வேண்டும், அது இருக்கிறதா என்பதைக் கூட்டத்தின் வேற்றுமைதான் முடிவு செய்யும் என்று சொன்னேன். அமேசானிலிருந்து காட்டு மரங்களின் விதைகளை 1981இல் மீண்டும் சேகரித்துப் பல நாடுகள் பகிர்ந்துகொண்டதன் காரணம் அதுவே.

மனிதருக்கு அந்த வேற்றுமையை யாரும் சேகரித்து வைக்கத் தேவையில்லை; நம்மிலேயே அது இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் விலையும் நம்மிலேயே இருக்கிறது. இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம் தெற்காசியரில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருப்பதாகவும், இதயத்தசை நோய்க்கான ஆபத்தை அது கூட்டுவதாகவும் 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. மதுரையில் தொடங்கிய தேடல் அது. ஐம்பது பேர் இருந்த என் வகுப்பில் சராசரியாக இரண்டு பேர் அதைச் சுமந்திருப்பார்கள். எல்லாச் சுமப்பவருக்கும் ஆபத்து ஒரே அளவில் இல்லை, அதனோடு சேர்ந்து வரும் வேறொரு மாற்றமே சிலரிடம் பெரும்பங்கு வகிக்கிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் திருத்தின. இந்த வடிவம் தோன்றி ஏறத்தாழ 33,000 ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்று கணித்திருக்கிறார்கள். இத்தனை காலம் இயற்கைத் தேர்வு ஏன் இதைக் களைந்துவிடவில்லை? இதயம் தளர்கிற வயதுக்குள் பிள்ளைகளைப் பெற்று வளர்த்து முடித்துவிடுகிறோம் என்பதே அதற்குச் சொல்லப்படும் விடை. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வருகிற நோயை இயற்கைத் தேர்வு ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பதற்கு மருத்துவம்தான் இருக்கிறது.

நம் மண முறையும் ஓர் எழுத்தைப் பரப்பும். சிறு கூட்டமாகத் தொடங்கி, பல நூறு ஆண்டுகள் தமக்குள்ளேயே மணந்துகொண்ட சமூகங்களில், தொடக்கக்காலத்து ஒருவரிடம் இருந்த அரிய எழுத்து இன்று பலரிடம் இருக்கும். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, தெற்காசியாவின் 260க்கு மேற்பட்ட குழுக்களில் 81 குழுக்களில் இந்த நிறுவனர் விளைவு ஃபின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாசி யூதரிடமும் காணப்படுவதைவிட வலுவானது என்று கண்டது. ஆந்திரத்து வைசியரிடம் ஒரு நொதி மாற்றம் பரவலாக இருப்பதால், சக்சினைல்கோலின் என்ற தசைத்தளர்வு மருந்தை மயக்கவியல் மருத்துவர் கொடுத்தால் அதன் விளைவு நிமிடங்களில் தீராமல் மணிக்கணக்கில் நீடிக்கக்கூடும். அங்குள்ள மருத்துவர்கள் பெயரையும் சமூகத்தையும் கேட்டு முன்னெச்சரிக்கை கொள்வது சாதி பார்ப்பதற்காக அல்ல. குமரி மாவட்டத்தில் ஒவ்வொரு சமூகமும் தனித்தனி வேலிக்குள் மணம் முடித்து வந்த வரலாறு நாம் அறிந்ததே. ஆகையால் இங்கே இப்படிப்பட்ட கணக்கெடுப்பு வரும்போது, அதைச் சமூகத்தின் மானப் பிரச்சினையாக்காமல் ஒத்துழைக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

மருந்தும் மனிதரும் பொருந்துவதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பழைய பங்கு இருக்கிறது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையத்தில், ஐசோனியசிட் மருந்தைச் சிலர் உடம்பு வேகமாகவும் சிலர் உடம்பு மெதுவாகவும் செயலிழக்கச் செய்வதை அளந்தார்கள். மெதுவாகச் செய்கிறவர்களுக்குக் கைகால் நரம்புகள் எரிவதும் மரப்பதும் அதிகம் என்று கண்டார்கள். இன்று காசநோய் மாத்திரையோடு பி6 வைட்டமினும் சேர்த்துத் தருவதன் பின்னால் இந்த வேறுபாடு இருக்கிறது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் உண்ணும் குளோபிடோகிரெல் மாத்திரையைச் செயல்படும் வடிவாக்குகிற நொதியிலும் இதுபோன்ற பல்லுருத்தன்மை உண்டு. அது வேலை செய்யாத வடிவம் ஐரோப்பியரைவிட இந்தியரிடம் மிகுதி.

அண்ணனைத் தொடர்ந்து நானும் சோதித்துக்கொண்டேன். எனக்கு நொதி இயல்பாக இருந்தது. அம்மாவின் இரண்டு எக்ஸில் அவனுக்கு ஒன்றும் எனக்கு மற்றொன்றும் வந்திருக்கின்றன. நாணயம் சுண்டியது போன்ற வாய்ப்புதான். அண்ணன் இப்போதும் தொழிலுக்குப் போகிறான். அவன் சட்டைப்பையில், பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளில், அவன் உண்ணக் கூடாத மருந்துகளின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன்: பிரிமாகுயின், டாப்சோன், நைட்ரோஃபியூரன்டாயின், மெத்திலின் நீலம், ராஸ்பியூரிகேஸ். மங்களூரில் மறுபடியும் காய்ச்சல் வந்தபோது அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டினானாம்.

ஆணிடம் இருப்பது ஒரே எக்ஸ் என்பதால் அவன் மகள்கள் எல்லோரும் அதைப் பெறுவார்கள், மகன்களில் யாரும் பெறமாட்டார்கள். மூத்த மகள் 2023இல் கருவுற்றபோது நான் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லச் சொன்னேன். ஆண் குழந்தை பிறந்தது. தொப்புள்கொடி இரத்தத்தில் சோதித்தார்கள். அவனுக்கும் அதே வலுவற்ற நொதிதான். மூன்றாம் நாள் மஞ்சள் ஏறியதும், எதிர்பார்த்துக் காத்திருந்ததால் உடனே நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். இரண்டு நாளில் இறங்கிவிட்டது.

குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முந்தைய நாள், விரிக்கவும் பொதியவும் அம்மாவின் பழைய பருத்திச் சேலைகளை எடுக்கலாம் என்று மைனி மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளேயிருந்து பாச்சை உருண்டையின் நெடி வந்தது. நான் சொல்லி வைத்திருந்தது அவருக்கு நினைவிருந்தது. இந்தப் பிள்ளைக்கு அந்த நாப்தலின் ஆகாது. உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தாளில் கட்டி வெளியே கொண்டுபோனார். பெட்டியைக் கழுவிச் சாய்த்து வைத்தார். சேலைகளை இரண்டு முறை துவைத்து, இரண்டு நாள் வெயிலில் கொடியில் போட்டிருந்தார். நெடி முழுவதும் போய்விட்டதா என்று ஒவ்வொன்றையும் முகத்தில் வைத்து முகர்ந்து பார்த்த பிறகுதான் மடித்தார். அதுவரை குழந்தைக்கு அடுத்த வீட்டுத் துணியைத்தான் விரித்திருந்தோம்.